ஓடைக்குக் கல் தடுப்பு, காற்றுக்குக் கிளுவை வேலி: ஒரு சரிவுக் காட்டில் செய்த வேலை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு மானாவாரிக் காடு (விளைநிலத்தைத்தான் காடு என்கிறோம்) இருக்கிறது. மேல்பாதி செம்மண், கீழே இறங்க இறங்கக் கரிசல். கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே இந்தச் சித்தூர் தாலுக்காவில்தான். கிழக்கே மேடு, மேற்கே இறக்கம். இந்தச் சரிவின் நடுவில் மழைத்தண்ணீர் ஒரு ஓடையை அறுத்துவிட்டது. கீழ்முனையில் இடுப்பளவு ஆழம். அகலமாவதைவிட மோசமான விஷயம், அதன் தலை வருஷா வருஷம் மேட்டை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்ததுதான். இப்படியே விட்டால் காடு இரண்டு துண்டாகிவிடும், நடுவில் டிராக்டர் கடக்க முடியாது என்ற நிலைமை வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். நாங்கள் செய்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரிச் சரிவுக் காடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

வேலையில் பாதி தண்ணீருக்கு, பாதி காற்றுக்கு. மண் அரிப்பு என்றதும் எல்லாரும் மழையைத்தான் நினைப்பார்கள், ஆனால் எங்கள் பக்கம் காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு விட்டுப்போன இடம்தான் பாலக்காட்டுக் கணவாய், ஆனி ஆடியில் மேல்காற்று முழுக்க அந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. மழை பாலக்காடு டவுனில் கொட்டித் தீர்த்துவிடும், எங்களுக்குத் தூறலும் காற்றும்தான் மிச்சம். கார்த்திகை மார்கழியில் அதே வாசலில் காற்று திரும்பி, கிழக்கிலிருந்து வறட்டுக் காற்றாக அடிக்கும், மலையாளத்துக்காரர்கள் விருச்சிகக் காற்று என்பார்கள். எங்களுக்கு உருப்படியான மழை ஐப்பசி துலா மழைதான். ஆக, வைகாசியில் உழுது போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கும் நேரத்தில் காற்று ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது, ஐப்பசியில் தண்ணீர் இன்னொரு பங்கு எடுத்துக்கொள்கிறது. இங்கிருந்து போகும் மண் கோரையாற்றில் இறங்கி, கல்பாத்திப்புழை, பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் அரபிக் கடல் சேரும். கொஞ்ச தூரம் கிழக்கே தள்ளிப் போனால் மழைத்தண்ணீர் நொய்யலில் விழுந்து காவிரியோடு வங்கக் கடலுக்குப் போகிறது.

ஓடையில் ஏற்கெனவே ஒரு தடுப்பு இருந்தது. யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கட்டிய சிமெண்ட் சுவர், நெஞ்சு உயரத்துக்கு, ஒரே ஒரு சுவர். அது இன்னமும் விரிசல் விடாமல் நிற்கிறது, ஆனால் தண்ணீர் அதைத் தொடுவதில்லை. இரண்டு பக்கமும் கரைக்குள் போதுமான அளவு புதைக்காமல், நடுவில் வழிவதற்கு வாய் விடாமல் கட்டியிருக்கிறார்கள். முதல் பெரிய மழையிலேயே தண்ணீர் சுவரின் ஓரத்தில் கரையை அறுத்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டதாக அப்பாரு சொல்வார். நான் இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் முக்கால்வாசி அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து எடுத்தவைதான்.

கல்லைத் தொடுவதற்கு முன்னால் மண்ணைப் பார்த்தோம். மழை முடிந்த மறுநாள் செம்மண் பகுதியில் குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன மண்தூண்கள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல்லோ, ஒரு சில்லோ, காய்ந்த கடலைத் தோலோ இருக்கும். பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையில் விழுகிறது. அந்த அடியில் மண் கட்டி உடைந்து தெறிக்கிறது, கல் மூடிய இடத்தில் மட்டும் தப்பித்து நிற்கிறது. அந்தத் தூணின் உயரம்தான் சுற்றிலும் போன மண்ணின் கனம். இதை மில்லிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் அது 143 கன அடி, அதாவது டிப்பர் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட். என் கண் முன்னாலேயே ஒன்றரை யூனிட் மண்ணை யாராவது லாரியில் ஏற்றிப் போனால் சும்மா இருப்பேனா?

வருஷம் முழுக்கக் கணக்கு வைத்துக்கொள்ள ஆறங்குல ஆணிகளை வாஷர் கோத்துக் காட்டில் அங்கங்கே அடித்து வைத்தேன். வாஷர் மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும்படி அடிக்க வேண்டும். மண் போனால் வாஷர் கீழே இறங்கும், ஆணித்தலைக்கும் வாஷருக்கும் உள்ள இடைவெளி கூடும். மண் வந்து படிந்தால் வாஷர் புதைந்துவிடும். ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுத வேண்டியதுதான். ஆடு மேய்கிற காட்டில் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டுக் காலுக்கு ஆபத்து.

அடுத்து பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்புத் தூள் (களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிவதற்கு), நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் மணல் அடியில் விழுந்துவிடும், பாட்டிலின் ஓரத்தில் தனித்தனி மணியாகத் தெரியும். அதற்குமேல் நைசான வண்டல் மெதுவாக அடுக்கு கட்டும். களிமண் அன்றைக்கு இறங்காது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: மெல்லிய துகள்கள் இறங்கும் வேகம் அவற்றின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.02 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் இறங்கக் கிட்டத்தட்ட 5 நிமிஷம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டம் உள்ள 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு நூறு மடங்கு நேரம், அதாவது 8 மணி நேரம். அதுவும் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றால். ஓடுகிற தண்ணீரில் அது இறங்கவே இறங்காது.

எடுத்துப் போவதிலும் இப்படி ஒரு வினோதம் உண்டு. 1935-இல் யூல்ஸ்ட்ரோம் என்ற சுவீடன்காரர் ஆற்று மண்ணை வைத்து வரைந்த ஒரு வளைகோடு இன்றைக்கும் புவியியல் பாடத்தில் இருக்கிறது. அதன்படி மிக எளிதில் கிளம்புவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள நடுத்தர மணல்தான், நொடிக்கு 20 சென்டிமீட்டர் போலத் தண்ணீர் ஓடினாலே கிளம்பிவிடும். சரளைக்கு அதைவிட வேகம் வேண்டும், கனம் கூட என்பதால். ஆனால் இறுகிப் படிந்த களிமண்ணுக்கும் அதிக வேகம் வேண்டும், ஏனென்றால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நைசான மண் லேசில் கிளம்பாது, கிளம்பிவிட்டால் லேசில் அமராது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லப்போகிற எல்லாமே புரியும்.

சரி, ஓடை வேலைக்கு வருகிறேன். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கி ஓடையின் அடித்தரையை மட்டம் பார்த்தோம், 100 அடிக்கு 5 அடி இறக்கம் வந்தது. தடுப்புகளின் உயரம் 2 அடி என்று வைத்துக்கொண்டோம். அடுக்கி வைக்கிற கல் தடுப்பை அதற்குமேல் ஏற்றுவது நல்லதில்லை. இடைவெளிக்கு விதி ரொம்ப எளிது: கீழ்த் தடுப்பின் தலையும் மேல் தடுப்பின் காலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் மண் படிந்து நிறைந்த பிறகு ஓடை படிப்படியாக மாறும், நடுவில் சரிவாக ஓடி வேகம் பிடிக்க இடம் இருக்காது. 2 அடி உயரம், 100-க்கு 5 இறக்கம் என்றால் 40 அடிக்கு ஒன்று.

வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கோ நாலு மடங்கோ அல்ல, 64 மடங்கு. இதைத் திருப்பிப் படித்தால் நமக்குச் சாதகம்: வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலே அதன் பலம் 64-இல் ஒரு பங்காக விழுந்துவிடும். ஒரே இடத்தில் நெஞ்சு உயரத்துக்குச் சுவர் எழுப்பி மோதுவதைவிட, ஓடை முழுக்க முழங்கால் உயரத் தடுப்புகளை வரிசையாக வைப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கல் வெளியிலிருந்து வாங்கவில்லை. கிணறு வெட்டியபோது வெளியே கொட்டிய கல் மேட்டில் குவியலாகக் கிடந்தது, வெடி வைத்து உடைத்த கல், எல்லாம் மூலையும் விளிம்புமாக இருக்கும். அடுக்குவதற்குக் கைதேர்ந்த ஒரு அண்ணனைக் கூட்டி வந்தேன், ஆயுசு முழுக்க வரப்புக் கல்லும் கிணற்றுக் கட்டும் அடுக்கியவர். வந்ததும் குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உருண்டைக் கல்லை எங்கிட்டத் தராதீங்க தம்பி, அது நிக்காது. மூலை இருக்கற கல்லா எடுத்துப் போடுங்க" என்றார். மேல்வரிசையை மட்டும் சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாமா அண்ணா என்று கேட்டேன். "வேண்டாமுங்க. தண்ணி இடுக்குல கசிஞ்சு போகட்டும். போக வழியில்லாம அடைச்சா அது முட்டத்தான் பாக்கும்" என்றார். பழைய சுவரை அவரும் பார்த்திருக்கிறார்.

அடுக்கிய முறை இதுதான். ஓடையின் குறுக்கே ஒரு அடி ஆழத்துக்கு வாணம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, அதே வாணத்தை இரண்டு கரைக்குள்ளும் இரண்டு அடிக்குக் குறையாமல் நீட்டினோம். இது ரொம்ப முக்கியம், தண்ணீர் முதலில் தேடுவது ஓரத்தைத்தான். வாணத்தில் முதலில் சரளை, அதற்குமேல் கல். கல்லை நேரடியாக மண்மேல் வைத்தால் இடுக்கு வழியாக ஓடும் தண்ணீர் அடியிலுள்ள மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும், கல் தானாக இறங்கிச் சரிந்துவிடும். சரளை அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பெரிய கல் அடியிலும் வெளிப்புறத்திலும், சின்னக் கல் நடுவிலும். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லின் இணைப்பின்மேல் உட்கார வேண்டும். மேல்வரிசை ஓரங்களில் உயர்ந்து நடுவில் அரை அடிக்குமேல் தாழ்ந்திருக்க வேண்டும், வழிகிற தண்ணீர் நடுவில் விழும், கரைப்பக்கம் போகாது. விழுகிற இடத்தில் தட்டைக் கற்களைத் தரையோடு தரையாகப் பதித்து, தடுப்பின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கீழே நீட்டினோம். இந்தக் கல்தளம் இல்லாவிட்டால் விழுகிற தண்ணீர் குழி பறித்துத் தடுப்பின் காலையே வாரிவிடும்.

ஓடையின் தலைக்குத் தனிக் கவனம் வேண்டும். அங்கே தண்ணீர் ஒரு சின்ன அருவியாகக் குதிக்கிறது, குதித்த இடத்தில் குழி பறிக்கிறது, அந்தக் குழி பின்பக்கம் குடைகிறது, மேலே தொங்கும் மண் பொத்தென்று விழுகிறது, தலை ஒரு முழம் மேலேறிவிடுகிறது. நயாகரா அருவி பின்வாங்குவதும் இந்த வேலையால்தான், அங்கே பாறை என்பதால் ஆயிரமாயிரம் வருஷம் ஆகிறது, இங்கே மண் என்பதால் ஒரே மழை போதும். செங்குத்தாக நின்ற தலையை மம்பட்டியால் வெட்டிச் சாய்வாக்கி, சரளை பரப்பி, கல் பாவினோம். பக்கச் சரிவுகளில் தென்னை நார் விரிப்பு போர்த்திக் குச்சி அடித்தோம். இங்கே தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலையில் குளக்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் போடுகிற அதே கயர் பூவஸ்திரம்தான். இரண்டு மூன்று வருஷத்தில் அது மக்கிப்போகும், அதற்குள் புல் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

துலா மழை வந்தது. தடுப்புகள் நின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் மண் நிறைந்தது. ஊரில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் மண்ணைப் பிடித்துவிட்டாய் என்று சந்தோஷப்பட்டார்கள். மண் காய்ந்ததும் மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டி உள்ளே பார்த்தேன். இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான். அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் அடியில் சரளை கலந்த பருமணல், மேலே போகப்போக நைஸ், உச்சியில் நகக்கனத்துக்கு ஒரு களித்தோல், அது காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. ஒரு அடுக்கு என்றால் ஒரு வெள்ளம். வேகமாக வந்து, கனமானதை முதலில் போட்டு, வடிகிறபோது மெல்லியதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மேல் தடுப்பில் சரளை அதிகம், கீழே வர வர மணல் மட்டும், கடைசியில் பண்ணைக்குட்டையில் வழவழவென்று சேறு.

மூன்று இடத்து மண்ணையும் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். காட்டு மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் இருந்தன. தடுப்பின் பின்னாலிருந்த மண்ணில் ஏறக்குறைய எல்லாமே மணல், சில நிமிஷத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. குட்டைச் சேறு போட்ட பாட்டில் மறுநாள் காலையிலும் கலங்கியே இருந்தது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தடுப்பு பிடிப்பது பெரும்பாலும் மணலை. பயிருக்குச் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் களியும், அதோடு ஒட்டிய மக்குப் பொருளும் தடுப்பைத் தாண்டி, குட்டை நிறைந்த பிறகு குட்டையையும் தாண்டிப் போய்விடுகிறது. ஓடைத் தலை ஏறுவதை நிறுத்துவதற்குத் தடுப்பு அவசியம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காட்டு மண்ணைக் காட்டிலேயே நிறுத்துவதற்கு அது போதாது, அந்த மண்ணைக் கிளம்பவே விடக்கூடாது.

இன்னொன்றும் கவனித்தேன். கடைசித் தடுப்புக்குக் கீழே, முன்னால் அரிக்காத இடத்தில் ஓடை புதிதாக அரிக்க ஆரம்பித்தது. சுமையை இறக்கிவிட்ட தண்ணீருக்கு வேகம் மிச்சம் இருக்கிறது, அது மறுபடி மண் எடுத்துக்கொள்ளும். பெரிய அணைகளுக்குக் கீழே ஆற்றுப்படுகை தாழ்வதற்கும் இதுதான் ஒரு காரணம். கடைசிக் கல்தளத்தை இன்னும் நீட்டி, அதன் முடிவில் குறுக்கே வெட்டிவேர் வரிசை நெருக்கமாக நட்டோம்.

காற்றுக்கு வருகிறேன். ஒரு பிவிசி பைப்பில் பாட்டில்களை அரை அடி, ஒரு அடி, இரண்டு அடி, நாலு அடி உயரத்தில் கட்டினேன். ஒவ்வொரு பாட்டிலிலும் மேற்குப் பார்த்து விரல் அகலப் பிளவு, பின்பக்கம் ஒரு ஓட்டையில் நெருங்கிய துணி. காற்று வெளியேறினால்தான் உள்ளே வரும், மூடிய பாட்டிலில் ஒன்றும் விழாது. ஆனியில் நட்டு வைத்து எடுத்துப் பார்த்தால், அடிப் பாட்டிலில் விரலால் தேய்த்தால் கரகரக்கும் மணல், அளவிலும் அதுதான் அதிகம். உச்சிப் பாட்டிலில் கொஞ்சமே கொஞ்சம், ஆனால் முகப்பவுடர் மாதிரி நைஸ்.

காரணம் பாலைவன மணலை ஆராய்ந்த பாக்னால்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1941-லேயே விளக்கிவிட்டார். காற்று மணலைத் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை, மணி மணியாகத் துள்ள வைக்கிறது. அந்தத் துள்ளல் பெரும்பாலும் ஒரு அடிக்குக் கீழேதான். பருமணல் துள்ளாது, அடி வாங்கி உருளும். நைசான தூசி தரையோடு ஒட்டிக் கிடக்கும், வெறும் காற்றுக்கு லேசில் கிளம்பாது, ஆனால் துள்ளி வந்து விழும் மணல்மணி அதை அடித்துக் கிளப்பிவிடும். கிளம்பிய தூசி மேலேறி மைல் கணக்கில் போய்விடும். தண்ணீரில் பார்த்த அதே கதை: மணல் பக்கத்து வரப்பில் நின்றுவிடுகிறது, சத்துள்ள தூசி ஊரை விட்டே போகிறது. காற்று தண்ணீரைவிட 800 மடங்கு லேசானது, அதனால் வேகம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். காய்ந்த புழுதி நிலத்தில் தரையருகே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வந்தாலே துள்ளல் தொடங்கிவிடும், ஆனியில் எங்கள் காட்டில் அது சாதாரணக் காற்று.

ஆகவே துள்ளலை நிறுத்த வேண்டும். மேற்கு வேலியில் பழைய கம்பியை எடுத்துவிட்டுக் கிளுவைப் போத்து (வெட்டி நடுகிற கிளை) நட்டோம். நம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலிக்கு எப்போதும் கிளுவைதான், தண்ணீர் ஊற்றாமலே பிழைக்கும். சுவர் எழுப்பினால் காற்று மேலே தாண்டி அந்தப்பக்கம் சுழன்று அடிக்கும், பாதி அடைத்துப் பாதி விடுகிற வேலிதான் காற்றை நீண்ட தூரத்துக்குத் தணிக்கும். தணிகிற தூரம் வேலி உயரத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு. ஆறடிக் கிளுவைக்கு 60 அடி, முழுக் காட்டுக்கும் அது பத்தாது. அதனால் உள்ளே பட்டை பட்டையாகச் சோளம் போட்டு, அறுக்கும்போது முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிட்டோம். வைகாசி உழவில் அந்தப் பட்டைகளைத் தொடுவதில்லை. உழவிலும் ரோட்டவேட்டரை நிறுத்திவிட்டேன். அது மண்ணைப் புழுதியாக்கிக் காற்றின் கையில் கொடுக்கிறது. கலப்பை போட்டால் கட்டி கட்டியாகக் கிடக்கும், கட்டிகளுக்கு நடுவே துள்ளுகிற மணல் விழுந்து நின்றுவிடும். உழவு சரிவுக்குக் குறுக்கே, அதாவது தெற்கு வடக்காக. எங்கள் காட்டில் சரிவும் காற்றும் கிழக்கு மேற்காகவே இருப்பதால் ஒரே உழவு தண்ணீருக்கும் காற்றுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. வரப்புகளிலும், விதைக்காத துண்டுகளிலும் கொழுக்கட்டைப்புல் விதைத்துவிட்டோம், மாட்டுக்கும் ஆயிற்று.

இப்போது நிலவரம்: மேல்காட்டில் வாஷர்கள் முன்னைவிடக் குறைவாகத்தான் இறங்குகின்றன, சோளக்கட்டைப் பட்டை ஓரத்தில் அடித்த ஆணிகளில் வாஷர் புதைந்தே போயிருக்கிறது. தோண்டிப் பார்த்தால் நைஸ் மணல், கூடவே கொஞ்சம் தூசியும். ஓடைத் தலை கல்லுக்குமேல் ஏறவில்லை. கலங்கல் இன்னும் போகிறது, முழுக்க நிற்க வேண்டுமானால் மேட்டுச் செம்மண்ணில் புல் அடர்த்தியாக மூட வேண்டும், அதற்கு இன்னும் காலம் பிடிக்கும்.

யாராவது செய்து பார்ப்பதானால் பராமரிப்பு பற்றி ஒரு விஷயம். ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் ஓடையில் நடந்து பார்த்து, பெயர்ந்த கல்லை அன்றைக்கே திருப்பி வையுங்கள், முக்கியமாகக் கரையோரக் கல். தடுப்பு நிறைந்துவிட்டால் பழைய கல்லின் தலைமேல் அடுக்கி உயர்த்த வேண்டாம், கொஞ்சம் மேல்பக்கம் தள்ளி, படிந்த மணலுக்குள் வாணம் எடுத்துப் புது வரிசை வையுங்கள். எங்கள் மேல் தடுப்பு இரண்டும் வாய் வரைக்கும் நிறைந்துவிட்டன, அடுத்த துலா மழைக்கு முன்னால் அவற்றுக்குப் பின்னால் ஒரு வரிசை போட அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கல்லைப் பொறுக்கி ஓடையோரம் சேர்த்தாயிற்று, சரளை மட்டும் இன்னும் ஒரு நடை வேண்டும்.